இரண்டு கதவுகளும் சேர்ந்து திறக்காது

குவைத்தில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் ஒரு நோயாளியைக்கூட நான் பார்த்ததில்லை. எங்கள் பிரிவு தரைக்குக் கீழே. மேலே ஆபரேஷன் முடிந்ததும் கத்தி, கத்தரி, இடுக்கியெல்லாம் மூடிய வண்டியில் லிஃப்ட் வழியாக இறங்கி வரும். ஆள் வரமாட்டார், அவருடைய இரத்தம் மட்டும் வரும். சில நாள் இடுக்கியின் பல்லில் ஒரு நரைமுடி சிக்கியிருக்கும். யாருடைய அப்பாவோ என்று நினைத்தபடி பிரஷ்ஷால் தேய்ப்பேன். கழுவும் இயந்திரத்துக்கு இரண்டு கதவுகள். அழுக்கானதை நாங்கள் இந்தப் பக்கம் வைப்போம், சுத்தமானதை அந்தப் பக்கத்து அறைக்காரர்கள் எடுப்பார்கள். ஒரு கதவு திறந்திருந்தால் மற்றது திறக்காது.

சேர்ந்த புதிதில், கதவைச் சாத்தியதும் அதைத் தொட்டு, இரத்தக் கையுறையோடு முகக்கவசத்தின் மேலேயே சிலுவை போட்டுக்கொண்டேன். பாம்பனில் எங்கள் ஆட்கள் வள்ளத்தின் முன்பக்கத்தைத் தொட்டுச் சிலுவை போடாமல் கடலில் இறக்கமாட்டார்கள். கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. சூப்பர்வைசர் பிலிப்பைன்ஸ்காரப் பெண், அவரும் கத்தோலிக்கர். கவசத்தைக் கழற்றிப் போடச் சொல்லிவிட்டு, "யார் இறந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "ஃபாதர்" என்று வாயில் வந்துவிட்டது. மதியத்துக்குள் எனக்கு லீவு சொல்லியாயிற்று. ஆளாளுக்கு வந்து தோளைத் தட்டினார்கள். அய்யா செத்துப் பல வருஷமாகிறது என்று புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. "இங்கே மனதுக்குள் வேண்டிக்கொள், கையால் வேண்டாம்" என்றார் சூப்பர்வைசர்.

அய்யாவின் காலில் திருக்கை மீனின் முள் ஏறியது. கரையில் சுடுதண்ணீர் ஊற்றினார்கள், வலி மட்டுப்பட்டது. ஒடிந்த முனை உள்ளேயே இருந்ததால் ஒரு கிளினிக்கில் கீறி எடுத்தார்கள். பள்ளிக்கூடச் சட்டையோடு நான் வாசலில் நின்றேன். முந்தைய ஆளுக்கு வைத்த கத்தரியைத் தட்டுத் தண்ணீரில் அலசி அய்யாவிடம் கொண்டுபோனார்கள். எனக்கு அது பளபளவென்று சுத்தமாகத்தான் தெரிந்தது. பிறகு கால் கறுத்து, காய்ச்சல் கண்டு, அய்யா போய்விட்டார். முள்ளா, கத்தரியா? எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். படித்த பிறகுதான் இந்தக் கேள்வியே எனக்கு வந்தது. கழுவுகிற ஒவ்வொரு கத்தரியும் அதையே கேட்கிறது.

போன மாதம் ஊரில் அக்காவுக்குச் சிசேரியன் என்றார்கள். மச்சானுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், கத்தி கத்தரிப் பொட்டலத்துல டேப்பு ஒட்டியிருக்கும். ஆவியில வச்சிருந்தா அதுல உள்ள கோடு கறுத்திருக்கும். பாத்துட்டுப் பிரிக்கச் சொல்லுங்க."

"ஏலே மாப்ள, இங்கன உசுரக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கிறேன், நீ டேப்பு பாக்கச் சொல்றியாக்கும்? கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிருவாய்ங்க."

"தள்ளட்டும். கேளுங்க மச்சான்."

அம்மா போனைப் பிடுங்கினாள். "அய்யாவ நெனச்சா கேக்குற?"

"கோடு கறுத்திருக்கணும்மா."

"வையி. நான் கேக்குறேன்."

நர்ஸிடம் என்ன சொன்னாளோ, இடைவேளையில் போனை எடுத்தபோது படம் வந்திருந்தது. அம்மாவின் உள்ளங்கையில் ஒரு துண்டு டேப், கோடுகள் கறுப்பாக. கீழே மச்சான், "ஆம்பளப் புள்ள. ஒங்க ஆத்தா சண்டை போட்டு வாங்குன டேப்பு" என்று எழுதியிருந்தார்.

கோடு கறுத்தால் ஆவி பட்டது என்றுதான் அர்த்தம். கிருமி முழுக்கச் செத்ததென்று அது சொல்லாது. அதை நான் ஊருக்குச் சொல்லவில்லை. தையல் பிரிக்கும்வரை போனில் முதலில் கேட்டது "காய்ச்சல் இருக்கா?" என்பதைத்தான். இல்லை. புண் ஆறிவிட்டது.

நேற்று இடைவேளையில் அக்கா வீடியோவில் வந்தாள். "தம்பி, இங்க பாரேன், அப்படியே அய்யா காலு." பிள்ளையின் பாதத்தைத் திரை நிறையக் காட்டினாள். அகலமான, விரல் விரிந்த பாதம். எங்கேயும் ஒரு கீறல் இல்லை.

திரும்பி வந்து தட்டுகளை அடுக்கி, கதவைச் சாத்தினேன். வலது கை தானாக எழுந்து பாதியில் நின்றது. உள்ளே தண்ணீர் பாயத் தொடங்கியது. கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சுத்தமானதை எடுக்க யாரோ காத்திருந்தார்கள். இரண்டு கதவுகளும் பூட்டியிருந்தன.