துரு மருந்தும் பளிங்கு யானையும்

மண்ணரை என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் கறை எடுக்கும் வேலை பார்த்தேன். மெஷின் எண்ணெய், துரு, பேனா மை என்று துணியில் எது பட்டாலும் என் மேஜைக்குத்தான் வரும். துருவுக்கு மட்டும் தனி மருந்து. வெள்ளைக் கேனில் இருக்கும், பெயர் எழுதியிருக்காது. பஞ்சில் தொட்டு ஒற்றினால் துரு மாயமாகிவிடும். ஆனால் விரல் எரியும். நகமெல்லாம் வெளுத்து, சூடான ரசத்தில் சோறு பிசைந்தால் உயிர் போகும். சூப்பர்வைசரிடம் சொன்னால், "எலுமிச்சம்பழச் சாறு மாதிரிதானுங்க, ஒண்ணும் பண்ணாது" என்பார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அப்ப ரெண்டு சொட்டு டீயில விட்டுக் குடிங்க பாக்கலாம்" என்றேன். பக்கத்து மேஜைக்காரிகள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

முதலாளி ராஜஸ்தான் போய் வந்தபோது ஒரு பளிங்கு யானை வாங்கி வந்தார். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்தால் நிற்கும் அளவு. காது மடலில் நரம்புகூடச் செதுக்கியிருந்தார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் அந்தக் காது பால் ஆடை மாதிரி ஒளி விடும். "மக்ரானா கல்லுங்க. நூறு வருசமானாலும் அப்படியே இருக்கும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஆபீசில் யாரோ ஈரக் கத்தரியை அதன்மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போக, முதுகில் துருக்கோடு விழுந்துவிட்டது.

மறுநாள் எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டுப் பையர் தரப்பிலிருந்து ஆடிட்டுக்கு, வேலையாட்களைச் சரியாக நடத்துகிறார்களா என்று பார்க்க, ஆட்கள் வர இருந்தார்கள். "ஏனுங்க, காலர்ல எடுக்கற மாதிரி இதையும் எடுத்துக் குடுத்துருங்க" என்று முதலாளியே யானையைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பஞ்சை நன்றாக நனைத்து முதுகில் வைத்தேன்.

சுர்ரென்று நுரைத்தது. பதறிப்போய்த் துடைத்தேன். நுரை காதுப் பக்கம் வழிந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்த்தால் துரு போயிருந்தது. கூடவே முதுகின் மினுமினுப்பும் காது நரம்பும் போயிருந்தன. தடவினால் கல்லுப்பு மாதிரி சொரசொரத்தது. நூறு வருஷம் இருக்கும் என்ற கல்! அட கடவுளே, நாலு மாதமாக என் விரல்கள் இதில்தானே ஊறிக்கொண்டிருக்கின்றன!

வேலை போச்சு என்றுதான் முதலாளி முன்னால் போய் நின்றேன். யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கல்லையே தின்னுருச்சுங்களே" என்றார்.

"ஆமாங்க. எனக்குக் கையெல்லாம் எரியுதுங்க" என்று விரல்களை நீட்டினேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் தரையும் பளிங்கு. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "அந்தக் கேனை இந்தப் பக்கமே கொண்டு வராதீங்க, தரை போயிரும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கென்று பார்த்து இந்த நீண்ட வாய் ஒட்டிக்கொண்டது.

ஆடிட் அன்று காலை எங்களுக்குப் புது ரப்பர் கிளவுஸ் கொடுத்தார்கள். எப்போதும் அப்படித்தான். காலையில் கொடுத்து, வந்தவர்களின் கார் கிளம்பியதும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். கேட்டால் சொல்ல வேண்டிய பதிலெல்லாம் முந்தின நாளே எங்களுக்குப் பாடமாகியிருக்கும். வந்த அம்மா என் மேஜை முன்னால் நின்று ஏதோ கேட்டார். கூட வந்தவர் தமிழில் சொன்னார்: "தினமும் கிளவுஸ் போட்டுத்தான் வேலை செய்யறீங்களா?"

இதற்காகவே பஸ்ஸில் மனசைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருந்தேன். பேசக்கூட வேண்டாம், கழற்றிக் காட்டினால் போதும். எதிரில் சூப்பர்வைசர், அவருக்குப் பின்னால் முதலாளி. ஆர்டர் போனால் எங்கள் வரிசை மொத்தமும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"ஆமாங்க" என்றேன்.

அந்த அம்மா காகிதத்தில் டிக் அடித்துவிட்டு, சந்தோஷமாக என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரப்பருக்குள் தீயாக எரிந்தது. நானும் சிரித்தேன். சாயங்காலம் கிளவுசை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அப்புறமும் மூன்று வருஷம் அங்கேதான் இருந்தேன். வலது ஆள்காட்டி விரலில் இப்போது நகம் கிடையாது, சூடு குளிர் எதுவும் தெரியாது. அடுத்தடுத்த ஆடிட்டுகளில் வேறு வேறு மேஜைகளுக்குப் போனார்கள். அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் மறுபடி கேட்கவில்லை.