மரக்கா வூடு

திருமானூர்ப் பக்கம், கொள்ளிடக் கரையில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஆண்டாயிக்கு ஐம்பத்திரண்டு வயது. கடலைப் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்டவளைப் போய்க் கப்பல் கட்டிய பரம்பரை என்று சொல்லிவிட்டார் அறிவரசன் என்ற கல்லூரி வாத்தியார்.

எல்லாம் வீட்டுப் பெயரால் வந்த வினை. ஊரில் அவள் வீட்டுக்கு ‘மரக்கா வூடு’ என்று பெயர். சோழர் கடற்படைக்குக் கொள்ளிடக் கரையில் கப்பல் கட்டியிருக்க வேண்டும் என்று சான்று தேடி அலைந்த வாத்தியார், நாலாவது இட்லியை விண்டபோது அந்தப் பெயரைக் கேட்டார். இட்லி கையிலேயே நின்றுவிட்டது.

“மரக்கா இல்லம்மா, மரக்கலம்! மரக்கலம்னா கப்பல். ஒங்க முன்னோருங்க சோழனுக்குக் கப்பல் கட்டுனவங்க!”

படித்தவரிடம் இல்லை என்று சொல்ல ஆண்டாயிக்கு வாய் வரவில்லை. மனசும் வரவில்லை, அதுதான் நிஜம். மறுநாளே அவள் ‘கப்பல்காரம்மா’ ஆகிவிட்டாள். அதுவரை “ஏய் ஆண்டாயி” என்று கூப்பிட்ட மேலத்தெரு ராசாங்கம்கூட, “சட்னி கொஞ்சம் ஊத்துங்க” என்றார். அந்த ‘ங்க’வுக்காகவே இன்னொரு கரண்டி சேர்த்து ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் விழா. வாத்தியார் அவளுக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கை நீட்டினார். முன்வரிசையில் ராசாங்கம்.

கப்பல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ‘ங்க’ நிலைத்துவிடும். ஆனால் தாத்தா நினைவுக்கு வந்தார். அவர் மானத்தைத் தானே கப்பலேற்றுவதா?

“சார் கோவிச்சுக்கக் கூடாது. இது நெல்லு அளக்குற மரக்காங்க. இந்தா ஒக்காந்திருக்காரே, இவரு தாத்தா பண்ணையில எங்க தாத்தனுக்குக் கூலி அளந்தாங்க. ‘ஒங்க மரக்கா சின்னது’ன்னு சொல்லி, சர்க்கார் முத்திரை போட்ட மரக்காலை அரிசிக் கடையிலேருந்து தூக்கியாந்து, களத்துல வச்சு அளந்து காட்டுனாரு எங்க தாத்தன். அதான் மரக்கா வூடு.”

வாத்தியாரின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து அவளுக்கே பாவமாக இருந்தது.

“கப்பல் கட்டுனவங்களுக்கும் கூலி அளந்திருப்பாங்கல்ல சார்? அந்த மரக்கா சரியா இருந்துச்சான்னு தேடிப் பாருங்க.”

மறுநாள் காலையில் ராசாங்கம் கடைக்கு வந்தார். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார்.

“சட்னி ஊத்துங்க” என்றார்.

ஆண்டாயி ஊற்றினாள். ஒரே கரண்டி, சரியான அளவு.