அண்ணனின் இரண்டு வாரம்

வீட்டில் அவள் சின்னவள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பெரியக்கா. இரண்டுக்கும் நடுவே அரைமணி நேர பஸ் பயணம். "அந்த பஸ்ல ஏறுறது ஒருத்தி, இறங்குறது வேற ஒருத்தி" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

வார்டுகளிலிருந்து தள்ளுவண்டிகளில் வந்து குவியும் போர்வைகளையும் விரிப்புகளையும் பிரித்து, துவைத்து, உருளைகளுக்கு நடுவே விட்டு இஸ்திரி போட்டு, விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அதுதான் வேலை. மடிக்கிற பெண்ணாகச் சேர்ந்தவள் மேற்பார்வைக்கு வந்திருந்தாள். அவள் ஒரு அதட்டல் போட்டால் நீராவிகூட ஒதுங்கி வழிவிடும் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள்.

வீட்டில் அந்த அதட்டல் செல்லாது. அம்மாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து, பேச்சும் குழறிப்போன நாளிலிருந்து, பார்த்துக்கொள்வது இவள் தலையில் விடிந்தது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. அண்ணனுக்குக் குடும்பம் இருந்தது, மின்வாரியத்தில் பெரிய பொறுப்பு இருந்தது. இவளுக்கு ஒன்றும் இல்லை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பேசி வைத்திருந்த ஒரு வரனும், கட்டிலில் கிடக்கிற மாமியாரைப் பார்த்துவிட்டு மெல்ல நழுவியது. இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்து, அறை வாசலில் நின்று, "மருந்து சாப்பிட்டாளா?" என்று கேட்பான். உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை.

ஒவ்வொரு கோடையிலும் அண்ணன் குடும்பம் மலைமேல் இருக்கிற ஒரு சின்ன ஊருக்கு இரண்டு வாரம் போகும். ஒரே ஒரு கடைத்தெரு, ஒரு ஏரி, மூடுபனி, பைன் மரங்கள். அங்கே வருஷா வருஷம் ஒரே வீட்டைத்தான் எடுப்பான். திரும்பி வந்ததும் புகைப்படங்களைக் காட்டி அளப்பான். "இது என் நாற்காலி. காலையில பேப்பரோட உக்காந்தேன்னா எவனும் அசைக்க முடியாது. இது வளைவுல இருக்கிற பெஞ்சு. என் பெஞ்சுன்னுதான் ஊர்ல சொல்வாங்க. ரொட்டிக்கடைக்காரர் முதல் அடுப்புல எடுத்ததும் எனக்கு ஒண்ணு தனியா வெச்சிடுவார்."

ஒரு தடவை அம்மா அந்தப் படத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு எடுக்கவே இல்லை. என்னவோ சொன்னாள். அண்ணனுக்குப் புரியவில்லை. சின்னவள் சொன்னாள்: "அம்மாவும் வரணுமாம்."

அண்ணன் சிரித்தான். "அந்த வீட்டுக்கு ஏறவே இருபது படிம்மா. அதுவும் செங்குத்தா. உன்னை யாரு தூக்குறது?"

அம்மா விரலை எடுத்துக்கொண்டாள். அப்புறம் கேட்கவே இல்லை.

அடுத்த கோடையில், அண்ணன் மலைமேல் இருந்தபோது, அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள். அவசரத்துக்கென்று அவன் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருந்த எண்ணுக்குச் சின்னவள் போன் செய்தாள். அண்ணன் வாடகைக் காரில் பறந்து வந்தான். வந்தவன், கூடியிருந்த சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னிலும் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு கதறினான். "ரெண்டே வாரம்! நான் அந்தப் பக்கம் திரும்புறதுக்குள்ள விட்டுட்டாங்களே! நான் இருந்திருந்தா விட்டிருப்பேனா?"

கூட்டம் முழுக்கத் திரும்பிச் சின்னவளைப் பார்த்தது. சித்தி பக்கத்தில் வந்து, தோளில் கையை வைத்து, மெதுவாகத்தான் கேட்டாள்: "மருந்தெல்லாம் வேளாவேளைக்குக் குடுத்தியாம்மா?"

அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டு நின்றது. விரிப்பு மடிக்கும்போது குத்தியது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் குத்தியது.

குளிர்காலம் முடிகிற சமயம், சேர்ந்து கிடக்கிற விடுப்பை எடுக்காவிட்டால் கழிந்துபோகும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இஸ்திரி உருளையில் நிற்கிறவள்தான் முதலில் ஆரம்பித்தாள். சிரித்தால் மூன்று வார்டுக்குக் கேட்கும் என்பதால் அவளுக்கு மைக்செட் என்று பெயர். "மலைக்குப் போலாம் பெரியக்கா. நாங்களும் வர்றோம். சாகுறதுக்குள்ள ஒரு தடவையாவது அடுத்தவங்க மடிச்சு வெச்ச போர்வைல படுக்க வேணாமா?"

மலை என்றதும் சின்னவளுக்குத் தெரிந்தது ஒரே ஊர், ஒரே வீடு. சுவரில் அந்த எண் இன்னும் அப்படியே இருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்கிற காவல்காரர் எடுத்தார். அண்ணன் பெயரைச் சொல்லி, அவன் தங்கை என்றாள்.

"மைக்செட்டுக்கு" என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "எங்ககூட வர்ற ஒருத்தங்களுக்கு முட்டி வலிங்க. அந்தப் படியெல்லாம் ஏறிடுவாங்களா?" என்று கேட்டாள்.

"எந்தப் படிம்மா?"

"வாசல் படிதான். இருபது படி இருக்காமே."

"யாரு சொன்னா? ரோட்டுலேர்ந்து நேரா உள்ள வரலாம்மா. போன மாசம்கூட ஒருத்தர் அவங்க அப்பாவை சக்கர நாற்காலியிலயே தள்ளிட்டு வந்தார். பத்து நாள் இருந்துட்டுப் போனாங்க."

அந்தப் பக்கம் இரண்டு தடவை "அம்மா, இருக்கீங்களா?" என்று கேட்டது.

"இருக்கேன்" என்றாள். "எங்க அண்ணன் எப்பவும் வர்ற அந்த ரெண்டு வாரம் இருக்கே, அதுக்கு யாராவது சொல்லி வெச்சிருக்காங்களா?"

"சார் இன்னும் சொல்லலை. அவர் எப்பவும் கடைசியிலதான் கூப்பிடுவார். வீடு எங்க போயிடப் போகுதுன்னு நினைப்பார்."

"அப்ப அந்த ரெண்டு வாரத்தை எங்களுக்கு எழுதிக்கோங்க. முழு வீடும்."

போனை வைத்ததும் அவளுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

அதன் பிறகு டீ இடைவேளைகள் எல்லாம் அந்தத் திட்டத்துக்கே போயின. மடிக்கிற மேஜையைச் சுற்றிப் பெண்கள் உட்கார, அண்ணி அனுப்பி வைத்திருந்த பழைய படங்களைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினாள் சின்னவள். பால்கனி அறை யாருக்கு?

"மைக்செட்டுக்கு" என்றாள்.

"எனக்கு எதுக்கு பெரியக்கா? உங்க அண்ணன் அறையாச்சே, நீங்க படுங்க."

"நீ படு. நீ சிரிக்கிற சிரிப்பு அந்தச் சுவர்ல ஊறணும்."

அண்ணனின் பிரம்பு நாற்காலியில் முறை வைத்துக்கொண்டு உட்காருவது என்று முடிவாயிற்று. பெஞ்சை விடியும்போதே பிடித்துவிட வேண்டும். ரொட்டிக்கடைக்கு இரண்டு பேர் போய், முதல் அடுப்பில் எடுத்ததை மொத்தமாக வாங்கிவிட வேண்டும். அவன் சொல்லிச் சொல்லிப் பூரித்த இடம் ஒன்று பாக்கி இல்லாமல் போய் உட்கார்ந்துவிட வேண்டும். திட்டம் போடப் போட அவளுக்கு முகம் தெளிந்துகொண்டே வந்தது. "நல்லாத் தூங்குறீங்களா பெரியக்கா? கண்ணுல ஒரு களை தெரியுதே" என்று மருந்துக்கடைப் பெண்கூடக் கேட்டாள்.

கோடை நெருங்கியதும் அண்ணன் வழக்கம்போலக் கூப்பிட்டிருக்கிறான். வழக்கத்துக்கு மாறாகப் பதில் வந்திருக்கிறது. அத்தனை வருஷத்தில் ஒருநாளும் தங்கை வேலை செய்யும் இடத்தை எட்டிப் பார்க்காதவன், மறுநாளே சலவைக்கூடத்து வாசலில் வந்து நின்றான். நீராவியில் மூக்குக்கண்ணாடி மங்க, அதைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டான்.

"என்னம்மா இது? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பெரிய வீடுதானே, சேர்ந்தே போயிடுவோம். இவங்களுக்குக் கீழ ஏதாவது லாட்ஜ் பார்த்துக் குடுத்தாப் போச்சு."

பெண்கள் கை ஓயாமல் மடித்தார்கள். காது மட்டும் இந்தப் பக்கம்.

"அந்த வீட்டுக்கு எத்தனை படி அண்ணா?"

"என்ன?"

"வாசல்ல எத்தனை படின்னு கேட்டேன்."

அவன் சுற்றிலும் பார்த்தான். "இப்ப எதுக்கு அதெல்லாம்? வெளிய வா, பேசிக்கலாம்."

"இங்கயே சொல்லு. இவங்களும் வரப்போறவங்கதான், தெரிஞ்சுக்கட்டும்."

அவன் அவளைக் கொஞ்சம் தள்ளி, அழுக்குத் துணி வண்டிகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனான். குரலை இறக்கினான். "வருஷம் பூரா நினைப்பு அம்மா கட்டில்லதாம்மா கிடக்கும். வேலையில, சாப்பாட்டுல, எல்லாத்துலயும். ரெண்டு வாரமாவது அந்த முகத்தைப் பார்க்காம இருக்கணும்னு தோணுச்சு. தப்புதான். நீயே சொல்லு, உனக்குத் தோணினதே இல்லையா?"

தோன்றியிருந்தது. நிறையத் தடவை தோன்றியிருந்தது. விடியற்காலையில் அம்மாவின் ஈர விரிப்பை உருவும்போது, கடைசி பஸ் போய்விடுமோ என்று ஓடும்போது, மழை பெய்கிற ஞாயிறுகளில். தோன்றியும் அவள் அங்கேயே இருந்தாள். அதனால்தான் அவன் சொன்னது அவளுக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. புரிந்ததனாலேயே மன்னிக்க முடியவில்லை.

"தோணினதைப் பத்தி நான் கேக்கலை. அன்னைக்கு அத்தனை பேர் முன்னால என்னைக் காட்டி என்ன சொன்னே? சித்தி வீட்டுக்குப் போ, அத்தை வீட்டுக்குப் போ. படி இல்லைன்னு சொல்லு. பொய் சொன்னேன்னு உன் வாயால சொல்லு. வீடு வேணும்னா அப்புறமா வந்து கேளு."

"செத்துப்போனவளை வெச்சு இப்படிப் பேரம் பேசுறியே" என்றான் அவன். போய்விட்டான். அவன் முதுகு கதவைத் தாண்டியதும் மைக்செட் சிரித்தாள். மூன்று வார்டுக்குக் கேட்டிருக்கும்.

சொன்ன நாளில் பெண்கள் மலை ஏறினார்கள். வளைவுக்கு வளைவு இருவர் வாந்தி எடுத்தார்கள். வீட்டு வாசலில் வண்டி நின்றது. காவல்காரர் கதவைத் திறந்துவிட, சக்கரம் வைத்த பெட்டியைச் சின்னவள் இழுத்தாள். அது ஒரு தடங்கலும் இல்லாமல், சத்தம்கூட இல்லாமல், சமதரையில் உருண்டு கூடத்துக்குள் போய்விட்டது. அவள் மட்டும் உள்ளே போகவில்லை. பின்னால் வந்தவர்கள் மூட்டையும் பையுமாக அவளை இடித்துக்கொண்டு நுழைந்தார்கள். "வழிய விடுங்க பெரியக்கா" என்று யாரோ சொன்ன பிறகுதான் ஒதுங்கினாள்.

மறுநாள் காலையில் திட்டப்படி ரொட்டிக்கடைக்குப் போனாள். கடைக்காரர் நல்ல மனிதர். எந்த வீட்டில் தங்கியிருக்கிறார்கள் என்று கேட்டதும் முகம் மலர்ந்தது.

"சார் வரலையா இந்த வருஷம்?"

"வரலை. எங்க அம்மா போயிட்டாங்க. நான் அவர் தங்கச்சி."

ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் கையை நிறுத்தினார். "அம்மாவா? அவங்க எப்பவோ தவறிட்டாங்கன்னுல்ல சார் சொன்னார்? 'அம்மா இருந்தா கூட்டிட்டு வந்திருப்பேன், அவங்களுக்கு மலைன்னா உசுரு'ன்னு இங்க நின்னு கண் கலங்கினாரே. அந்த மனசுக்காகத்தானே நான் முதல் ரொட்டியை எடுத்து வைப்பேன்."

கட்டிலில் அம்மா உயிரோடு கிடந்த வருஷங்களில், இங்கே அவளைச் சாகடித்து, அதில் ஊற்றெடுத்த அனுதாபத்தையும் ரொட்டியோடு சேர்த்துத் தின்றிருக்கிறான்.

நாற்காலியும் பெஞ்சும் அந்த நொடியில் அவளுக்குச் சிறுபிள்ளை விளையாட்டாகிவிட்டன. அவள் கடைக்காரருக்கு எல்லாவற்றையும் சொன்னாள். குரலை உயர்த்தாமல், அழாமல், ஒன்று விடாமல் சொன்னாள். வரிசையில் நின்றவர்களும் கேட்டார்கள். அன்றைக்கு மாலை காவல்காரரிடம் சொன்னாள். "அம்மா போயிட்டாங்கன்னு போன வருஷம் நீங்க போன் பண்ணினப்பவே எனக்குக் குழப்பம்தாம்மா" என்றார் அவர். வளைவுப் பெஞ்சுக்கு நடக்க வந்த ஓய்வுபெற்ற ஆட்களிடம், ஏரிக்கரையில் படகு விடுகிறவரிடம், கம்பளி விற்கிற பெண்ணிடம். அண்ணனை "சார்" என்று அழைத்த ஒவ்வொருவரையும் தேடித் தேடிப் போய்ச் சொன்னாள். ஒரே கடைத்தெரு உள்ள ஊர். வார முடிவுக்குள் சொல்வதற்கு ஆள் மிச்சம் இல்லை. இனி அவன் அந்த ஊரில் காலை வைத்தால் ரொட்டி கிடைக்கும், முகம் கொடுத்துப் பேச ஆள் கிடைக்காது.

அவளுக்கு அது இனித்தது. பொய் சொல்வானேன், நாக்கில் வைத்த சர்க்கரை மாதிரி இனித்தது.

இரண்டாவது வாரத்தில் சித்தி போன் செய்தாள்.

"உங்க அண்ணன் வந்திருந்தான்மா. அத்தை வீட்டுக்கும் போனானாம். படி இல்லை, படி இல்லைன்னு சொல்லிச் சொல்லி அழுறான். எனக்கு ஒண்ணுமே விளங்கலை. உம்மேல தப்பே இல்லைன்னான். உனக்கு ஏதாவது புரியுதா?"

"எப்ப வந்தான் சித்தி?"

"அது ஆச்சே, நீ மலைக்குக் கிளம்பின அன்னைக்கே வந்தான்."

அவள் பால்கனியில் நின்றுகொண்டிருந்தாள். கீழே மைக்செட்டும் மற்றவர்களும் பெஞ்சில் உட்கார்ந்து, யாரோ சொன்னதற்கு ஓவென்று சிரிப்பது மேலே வரை கேட்டது. "ஊருக்கு வந்து எல்லாத்தையும் விவரமாச் சொல்றேன் சித்தி" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

கேட்டதை அவன் செய்துவிட்டிருந்தான். அவள் ரொட்டிக்கடையில் நின்று பேசுவதற்கு முன்பே செய்திருந்தான். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன ஆயிற்று என்று மைக்செட் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"அதுக்காக? அம்மா செத்துட்டதா இங்க சொல்லி வெச்சிருந்ததையும் சேர்த்தா சித்திகிட்டச் சொன்னான்? அதைச் சொல்லலையே."

"சொல்லலை."

"அப்ப சரியாப் போச்சு பெரியக்கா. சாப்பிடுங்க."

சரியாகப் போயிற்றா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் சாப்பிட்டாள்.

கிளம்புகிற அன்று காவல்காரர் பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "அடுத்த வருஷம் சார் கூப்பிட்டா என்னம்மா சொல்லட்டும்?"

"கூப்பிட மாட்டான்."

"ஒருவேளை கூப்பிட்டா?"

பெண்கள் எல்லோரும் ஏறிவிட்டிருந்தார்கள். ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்தினார். சின்னவள் கொஞ்சம் யோசித்தாள். அப்புறம், "இதே ரெண்டு வாரம் எங்களுக்கு எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள்.

அண்ணன் அதன்பிறகு அந்த ஊருக்குப் போகவில்லை. கல்யாணம், காரியம் என்று சொந்தத்தில் எங்கேயாவது பார்த்தால், "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்பான். அவளும், "இருக்கேன் அண்ணா" என்பாள்.