கழுவிக் கொடுத்தவள்

நாக்கில் வெள்ளையாகப் படரும் பூஞ்சை உருண்டையாகவே இருக்கிறதா, நூல் விட்டுச் சதைக்குள் இறங்கத் தயாராகிவிட்டதா என்று சொல்ல, காரைக்குடியில் எங்கள் ஆய்வகத்தில் ஆறு வருஷமாக நான் ஒருத்திதான். நுண்ணோக்கியில் குனிந்து எண்ணி எண்ணிக் கழுத்தே பிடித்துக்கொண்டது. "முளை விட்டிருச்சாம்மா?" என்று பேராசிரியர் என்னைத்தான் கேட்பார்.

அப்புறம் நாச்சியாபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஜூனியர் ஒருத்தி சேர்ந்தாள். மாதிரியை அகச்சிவப்பு நிறமாலைமானியில், நாங்கள் ஐ.ஆர். என்று சொல்லும் கருவியில், வைப்பாள். இரண்டே நிமிஷம். திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு. "இது நூல், சார்." அவ்வளவுதான். பேராசிரியர் என் மேஜைப் பக்கமே வருவதில்லை. வயிறு எரிந்தது, மறைப்பானேன்?

ஒரு நாள் எனக்குப் பொறி தட்டியது. நூல் விடுவதற்காகப் பூஞ்சையைச் சீரத்தில், அதாவது ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீரில், ஊறவைக்கிறோம். உருண்டைக்குச் சீரம் கிடையாது. இவளோ ஒரே தடவை கழுவுகிறாள். அப்படியானால் கருவி காட்டுவது நூலையா, ஒட்டிக்கொண்ட சீரத்தையா? மாட்டினாயடி என்று மனசு துள்ளியது.

மறுவாரம் துறைக் கருத்தரங்கில் அவள் பேச இருந்தாள். எல்லார் முன்னாலும் எழுந்து கேட்க எனக்குச் சான்று வேண்டும். "இந்தத் தடவை மாதிரியை நானே தயார் பண்ணித் தாரேன்" என்றேன்.

"உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்? நீங்களே எம்புட்டு வேலையில இருக்கீக!"

அந்தப் பணிவும் எரிச்சலாக வந்தது. நூலை ஐந்து முறை கழுவினேன். உருண்டைகளையும் சீரத்தில் முக்கியெடுத்து அதேபோல் கழுவினேன். கருவி பார்ப்பது சீரத்தைத்தான் என்றால், இனி அவளால் பிரித்துச் சொல்ல முடியாது. எது எதுவென்று சொல்லாமல் குப்பிகளில் வெறும் எண் எழுதிக் கொடுத்தேன்.

"ஒண்ணும் நாலும் உருண்டை. ரெண்டும் மூணும் நூல். சரியாக்கா?"

ஒன்றுகூடத் தப்பவில்லை. பாழாய்ப்போன கருவி! எதை எதற்காக அப்படிக் கழுவினேன் என்று அவள் கேட்க, சொல்லித் தொலைத்தேன்.

கருத்தரங்கில் வேறு யாரோ அதே கேள்வியைக் கேட்டார்கள். அவள் திணறவேயில்லை. "அக்காவுக்கு அந்தச் சந்தேகம் முன்னாடியே வந்துருச்சு, சார். எனக்காக உக்காந்து கழுவித் தந்தாக" என்று என்னைக் கைகாட்டினாள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வேறென்ன செய்ய?

வெளியே வரும்போது பேராசிரியர் எத்தனையோ நாளுக்குப் பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"ரொம்ப சுத்தமா கழுவியிருக்கீகம்மா. இனிமே அந்தப் பிள்ளைக்கு எல்லா மாதிரியும் நீங்களே கழுவிக் குடுத்துருங்க."