அன்பேலன்ஸ்டு

வடமாலபேட்டையில் மெட்ராஸ் ரோட்டை ஒட்டி என் நைனா டயர் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலேதான் வீடு. அம்மாவின் தங்கை, என் சித்தி, புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு ஸ்ரீசிட்டியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. ஒருநாள் அவள் பெயருக்குச் சித்தப்பாவின் வக்கீலிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வீட்டில் இங்கிலீஷ் மீடியம் நான் ஒருத்திதான். நைனா மேலே வருவதற்குள் படித்துச் சொல்லச் சொன்னாள்.

பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் மூன்று இடத்தில் வந்த ஒரு சொல் நன்றாகத் தெரிந்தது. அன்பேலன்ஸ்டு. சக்கரத்தை மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டு நைனா தினமும் சொல்வதுதான். ஒரு பக்கம் கனம் கூடி ஆடுகிறது என்று அர்த்தம் என்று பெருமையாக விளக்கினேன்.

"என்னையா அப்படி எழுதிக்கீறாங்க?" என்றாள் சித்தி. காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதன்பின் சமையலறையிலிருந்து வாசல்வரை தரைக்கல் கோட்டின்மேல் அடிமேல் அடி வைத்து நடந்துகொண்டே இருந்தாள். கூப்பிட்டால், கோடு முடிந்த பிறகுதான் திரும்புவாள்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் காய்ந்த துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். சித்தி கைப்பிடிச் சுவரின்மேல் நின்றிருந்தாள். வெறுங்கால். தலையில் நிறைகுடம்.

"எந்தப் பக்கம் சாயறேன்னு பாத்துக்கினே இரு, பாப்பா. பாத்துச் சொல்லு."

அந்தக் குரலில் கோபமில்லை, பயமும் இல்லை. அது அவள் குரல் போலவே இல்லை. நடந்தாள். சுவரில் உட்கார்ந்திருந்த காகம் பறந்துபோகாமல், அவள் நெருங்க நெருங்கப் பின்னுக்கே நகர்ந்துகொண்டு போனது. கத்தினால் விழுந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. "சாயல சித்தி, சாயல சித்தி" என்று அடிக்கு அடி சொல்லிக்கொண்டே கூட நடந்தேன். நாலு சுவரும் சுற்றி வந்து இறங்கினாள். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. என்னைப் பிடித்த கை மட்டும் அந்த வெயிலிலும் சில்லிட்டிருந்தது.

பக்கத்து மாடியிலிருந்து யாரோ அதைப் போனில் வீடியோ பிடித்திருக்கிறார்கள். எப்படியோ அது சித்தப்பாவிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அடுத்த வாரம் நாலு பெரியவர்களோடு வந்து எங்கள் கூடத்தில் போட்டுக் காட்டினார். போன் கைமாறிக்கொண்டே போனது.  அதிலிருந்து "சாயல சித்தி" என்று என் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"வக்கீல் எழுதினதுக்கு இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?" என்றார் சித்தப்பா.

நைனா தலை குனிந்துகொண்டார். சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். முதலிலிருந்து கடைசிவரை அந்த வீடியோவில் சித்தி ஒரு பக்கமும் சாயவில்லையே.