பற்றரியை முதலில் வெயிலில் வையுங்கோ

1. பட்டாணி மூட்டைகளுக்கு நடுவில்

எங்கள் நாட்டின் முதல் செயற்கைக்கோள் விண்வெளிக்குப் போக முதலே ஒருமுறை செத்தது. செத்த இடம் ஆக்லாந்துக்குத் தெற்கே புக்கெகோஹியில் மரக்கறி பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையின் பிரீஸர் அறை. சுற்றிவர உறைந்த பட்டாணி மூட்டைகள்.

குடியேறி வந்த நாட்டை எங்கள் நாடு என்று வாய் கூசாமல் சொல்கிறேன். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து ஆக்லாந்து வந்து சேர்ந்த புதிதில், என் மின்பொறியியல் பட்டத்தை ஒருவரும் சீண்டவில்லை. இதே தொழிற்சாலையில்தான் கரட் பொதி செய்தேன். ஆக்லாந்தின் வடக்கே ஆல்பனியில் ஒரு சின்னக் குழு செயற்கைக்கோள் கட்டுகிறது, பவர் சப்ளை தெரிந்த ஆள் வேண்டும் என்று விளம்பரம் பார்த்துப் போனபோதும் விரல் நுனியில் கரட் நிறம். குழுத் தலைவர் கிரஹாம் விரலைப் பார்த்தார். ஆனால் சேர்க்கிட்டைப் பற்றித்தான் கேட்டார். அந்த மனுசனை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

பெரிய நாடுகளில் குளிர்ச் சோதனைக்கென்றே தனிக்கூடம் வைத்திருப்பார்கள். எங்களிடம் ஏது? எனக்கு ஒரு பிரீஸர் தெரியும் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். பழைய சூப்பவைசர் சந்தோஷமாக இடம் தந்தார். உள்ளே போகிற எல்லாரும் தலைக்கு வலை போடவேண்டும், உங்கள் பெட்டிக்கும் ஒன்று தரட்டோ என்று கேட்டார். அன்றிலிருந்து செயற்கைக்கோளுக்குப் பெட்டி என்றே பெயர்.

பெட்டி நன்றாகக் குளிர்ந்த பிறகு சுவிட்சைப் போட்டோம். ஒரு பீப். பிறகு ஒன்றுமில்லை. மென்பொருள் எழுதிய குமரன் மலேசியா ஈப்போப் பிள்ளை. திரையைப் பார்த்துத் தலையில் கை வைத்தான்.

"அக்கா, எந்திரிக்குது, வாயத் திறக்குது, மயங்கி விழுது. திரும்ப எந்திரிக்குது. இதே கதைதான் ஓடுது லா."

பற்றரி குளிரில் விறைத்துப் போயிருந்தது. டிரான்ஸ்மிற்றர் ஓன் ஆனதும் வோல்ற்றேஜ் சரிய, கம்ப்யூட்டர் ரீசெற் ஆகிறது. பெரிய பற்றரி போட எடை விடாது. வேறொரு நாட்டின் றொக்கற்றில் ஒரு மூலை தந்திருந்தார்கள். நாங்கள் தயாரில்லை என்றால் அந்த மூலை வேறு ஆட்களுக்குப் போய்விடும். எல்லாரும் பட்டாணி மூட்டைகளில் குந்திவிட்டோம்.

2. ஓட்டுக் கூரை வைத்தியம்

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொல்லி அழுதேன். இவருக்கு ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வேலை. சாப்பிட்டுக்கொண்டே, "ஏன், வெயிலிலை வைக்கேலாதோ?" என்றார், வெகு சாதாரணமாக.

சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குள் பற்றரி வரத் தடை. பழைய டோர்ச் பற்றரியை மத்தியானம் ஓட்டுக் கூரையில் காயவைத்து, சூடு ஆற முதல் ரேடியோவில் போடுவோம். பின்னேரச் செய்தி வரைக்கும் தாக்குப்பிடிக்கும். இவர் வேலிக்கு மேலால் "செய்தி தொடங்கீட்டுது" என்று குரல் கொடுக்க, அயல் முழுக்கக் கூடும். சத்தத்தைக் கூட்ட மட்டும் ஒருவரையும் விடமாட்டார்.

அட, இதுதானே! விண்வெளியில் வெயிலுக்கா பஞ்சம்? பெட்டி எழும்பியதும் பேசக்கூடாது. பற்றரி சூடாகும்வரை வாயை மூடிக்கொண்டு வெயில் காயவேண்டும். அவ்வளவுதான்.

கிரஹாமுக்கு விளங்கியது, பயமும் வந்தது. முதல் சுற்றில் பத்திரிகைக்காரர் எல்லாம் கூடியிருப்பார்கள், பெட்டி பேசாவிட்டால் செத்துப்போச்சு என்றே எழுதுவார்கள் என்றார். பற்றரியின் சூட்டைப் பார்க்கும் வெப்பமானி பழுதானால் என்ன செய்வதென்று குமரன் கேட்டான், ஒன்றுக்கு இரண்டாகப் பூட்டினோம். திரும்பவும் பட்டாணிக்குள் வைத்து, ஹீற்றர் விளக்கைச் சூரியனாகப் பிடித்துச் சோதித்தோம். பெட்டி பொறுத்திருந்து பேசியது. "சரி வசந்தி, உன் வழியிலேயே போவோம்" என்றார் கிரஹாம். இனிப் பழியும் என் தலையில்தான்.

3. முதல் சுற்று

ஏவியது வெற்றி. அன்று காலை ஆல்பனி அறையில் நிற்க இடமில்லை. பெட்டி ஆக்லாந்துக்கு மேலால் வரும் நேரம் வந்தது. ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். வந்த பெட்டி போயும்விட்டது. ஒரு சிக்னலும் இல்லை.

படம் எடுக்க வந்தவர்கள் கமராவை மூடினார்கள். பொறுத்திருக்கச் சொன்னதே நான்தான், இருந்தும் நம்பிக்கை போய்விட்டது. இத்தனை பேருடைய உழைப்பை ஒரு ரேடியோக் கதையை நம்பிக் கெடுத்தேனே என்று குமைந்தேன். கிரஹாம் தேத்தண்ணி போட்டுத் தந்தார். சீனி போட மறந்திருந்தார்; அப்படியே குடித்து முடித்தேன்.

அடுத்த சுற்றிலும் முதலில் அதே இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து, மெல்லிசாக, ஒரு பீப். இன்னொன்று. குமரன் கதிரையில் ஏறி நின்றே முதல் வரியைப் படித்தான்: பற்றரி வெப்பநிலை, நாங்கள் குறித்ததற்கு ஒரு பாகை மேலே. கிரஹாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதை எங்கள் தமிழில் சொன்னால், "அது சாகேல்லை, வெயில் காய்ஞ்சுகொண்டு இருந்திருக்கு."

இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மெஷின் பேசாவிட்டால் உடனே ஒப்பாரி வைக்காதீர்கள். நீங்கள் அதற்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள் என்று முதலில் யோசியுங்கள். சொன்னபடியே கேட்டுக்கொண்டு இருக்கக்கூடும்.

அன்று சனம் ஆரவாரித்துக்கொண்டிருக்க, நான் ஒரு மூலைக்குப் போய் த்ரீ கிங்ஸ் கடைக்குப் போன் எடுத்தேன். இவரைக் கூப்பிட்டுத் தந்தார்கள்.

"செய்தி தொடங்கீட்டுது" என்றேன்.



"சத்தத்தைக் குறைச்சு வையும்" என்றார் இவர். "பற்றரி முடிஞ்சிடும்."