வலது கன்னமும் ஜன்னல் சீட்டும்

பார்லர் வேலையில் கைக்குத்தான் சம்பளம். மூஞ்சி சும்மா விளம்பரத்துக்கு நிற்கும். புருவம் திருத்த வந்து, கிரீம் பெட்டியோடு வீடு திரும்பி, அதை வீட்டுக்காரர் கண்ணில் படாமல் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்த சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அப்படிப் பெட்டி விற்ற கைகளில் இரண்டு என்னுடையவை.

ஒரு கேள்வி

திருநெல்வேலி டவுணில் ரத வீதியை ஒட்டி ஒரு மாடியில் எங்கள் பார்லர். மேலப்பாளையம் மும்தாஜ் அக்கா மாதம் ஒருமுறை வருவார். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார், மூன்று வருடமாக ஊருக்கு வரவில்லை. நான்கு மாதத்தில் வரப்போகிறார் என்று அக்கா சொன்னபோது முகத்தில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. கன்னம் இரண்டிலும் கறுப்புத் திட்டாக மங்கு விழுந்திருந்தது. வீடியோ காலில் அது தெரியாது, போனே மூஞ்சியைத் துடைத்துப் பளிச்சென்று காட்டிவிடும். அவர் மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பது அந்த முகத்தை. வந்து இறங்கும்போது வாசலில் நிற்கப்போவது இந்த முகம்.

எங்கள் கண்ணாடி அலமாரியில் மங்குக்கென்று ஒரு கிரீம் பெட்டி உண்டு. அதன் விலைக்கு நல்ல புடவை இரண்டு எடுக்கலாம். "மங்கு இருந்த இடமே தெரியாதுக்கா" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். அக்கா பெட்டியைப் பார்க்கவே இல்லை. என் கன்னத்தில் லேசாகப் படர்ந்திருந்த மங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது கெடக்கட்டும். நீ இதைப் போடுதியா? உள்ளதைச் சொல்லு."

தட்டில் வந்த அழுக்கு

அந்த வாரமே கிரீம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பயிற்சி கொடுக்க வந்தார். கூட வேலை பார்க்கும் செல்வியின் புறங்கையில் ஒரு ஜெல்லைத் தடவித் தேய்த்தார். உருண்டை உருண்டையாகத் திரண்டு வந்தது. "பாத்தீங்களா, எவ்வளவு அழுக்கு!" என்றார். காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வந்த செல்வி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அவர் போனதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் சாப்பாட்டுத் தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, அதே ஜெல்லைத் தேய்த்தேன். உருண்டை வந்தது. மறுபடி கழுவித் தேய்த்தேன், மறுபடியும் வந்தது. திரளுவது அழுக்கு அல்ல, ஜெல்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, இத்தனை நாள் நானும் இதை நம்பித்தானே விற்றேன் என்று கோபமும் வந்தது. செல்வி தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கோமுக்கா, தட்டுக்கே இவ்வளவு அழுக்குன்னா, அதுக்கு எந்தப் பெட்டிக்கா எழுதிக் குடுக்க?"

பாதி மூஞ்சி

மும்தாஜ் அக்காவுக்கு உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால் எனக்கு முதலில் தெரிய வேண்டும். முதலாளி மேடத்திடம் சாம்பிள் பெட்டியைக் கேட்டு வாங்கினேன். இடது கன்னத்துக்குப் பெட்டி கிரீம். வலது கன்னத்துக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய சாதாரணக் கிரீம். எட்டு வாரம் ஒருநாள் தவறாமல் போட்டேன். மாறிப் போய்விடக் கூடாதென்று டப்பாக்களில் 'இ', 'வ' என்று எழுதிக்கூட வைத்தேன். சோப்பு, தண்ணீர், சாப்பாடு எல்லாம் இரண்டு கன்னத்துக்கும் பொதுதானே, வேறு வித்தியாசம் எங்கிருந்து வரும் என்று ரொம்பத் தெளிவாக இருந்தேன்.

எட்டாம் வாரம் கண்ணாடியைப் பார்த்து எனக்கே மலைப்பு. இடது கன்னம் தெளிந்திருந்தது, வலது இன்னும் கறுத்திருந்தது. மேடத்துக்குப் பிடிபடாத சந்தோஷம். வருகிறவர்களிடமெல்லாம் என் நாடியைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினார். பெட்டி மடமடவென்று போனது. மும்தாஜ் அக்காவும் போனில் கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். மேடம் எனக்கு இடத்தையே மாற்றிவிட்டார்.

"கோமு, நீ இனிமே உள்ள இருக்காண்டாம். வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காரு."

கண்டக்டர் சொன்னது

எனக்கு வீடு களக்காடு. தினமும் காலையில் பஸ் ஏறி டவுணுக்கு வருவேன், சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்புவேன். இடது பக்கத்துப் பெண்கள் இருக்கைகள் சீக்கிரம் நிறைந்துவிடும். டிரைவருக்குப் பின்னால், வலது பக்கம் ஜன்னலோரம், எனக்கென்றே ஓர் இடம். சில மாதமாகத்தான் இந்தப் பழக்கம்.

வியாழக்கிழமை காலை கண்டக்டர் அண்ணாச்சி டிக்கெட் கிழிக்கும்போது, "என்னம்மா, மூஞ்சி ஒரு பக்கம் மட்டும் கறுத்திருக்கு?" என்றார். நான் பெருமையாகப் பரிசோதனைக் கதையைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு முன்னால் கையைக் காட்டினார். டிரைவரின் வலது கை ஜன்னல் விளிம்பில் கருகருவென்று கிடந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த இடது கை இரண்டு பங்கு வெளுப்பு. எனக்குச் சுருக்கென்றது. நாங்குநேரியில் வடக்கே திரும்பினால் காலை வெயில் வலது பக்கம். சாயங்காலம் தெற்கே திரும்பிப் போகும்போது மேற்கு வெயில், அதுவும் வலது பக்கம். எட்டு வாரமும் என் வலது கன்னம் வெயிலைத் தின்றுகொண்டே வந்திருக்கிறது. இடது கன்னம் நிழலில் சொகுசாக இருந்திருக்கிறது. இந்தக் கன்னத்தைக் காட்டித்தான் ஏழெட்டுப் பேர் தலையில் பெட்டியைக் கட்டியிருக்கிறோம். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எங்க டிரைவரும் எந்தக் கிரீமும் போடல தாயி. ஜன்னல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கறுக்கு."

மேடமும் மொட்டை மாடியும்

மேடத்திடம் போய்ச் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன்.  அவரே எழுந்து போய் வாசலில் கிடந்த ஸ்டூலை உள்ளே தூக்கி வைத்தார். "நெழலை டப்பால அடைச்சு விக்க முடியாதே கோமு" என்றார். அதோடு விட்டார்.

வெள்ளிக்கிழமை மும்தாஜ் அக்கா பணத்தோடு வந்தார். "பெட்டி நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியலக்கா. வெயில் கெட்டதுன்னு மட்டும் தெரியும்" என்றேன். பர்தா போட்டுக்கொண்டு வருகிறவருக்கு வெயில் எங்கே படுகிறது என்று எனக்கு ஒரே யோசனை. கேட்டேன். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காதாம். துபாயில் சாப்பாட்டு இடைவேளை என்றால் நமக்கு மத்தியானம் இரண்டரை மணி. மூன்று வருடமாக அந்த உச்சி வெயிலில் மொட்டை மாடியில் நின்றுதான் வீட்டுக்காரரோடு பேசுகிறார். நான் மெடிக்கல் ஷாப்பில் கேட்க வேண்டிய சன்ஸ்கிரீன் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். தோல் டாக்டரையும் ஒருமுறை பார்க்கச் சொன்னேன். அக்கா சீட்டை வாங்கிக்கொண்டு கண்ணாடியில் தன் கன்னத்தைப் பார்த்தார்.

"அப்போ, அவுககூடப் பேசிப் பேசியா எம் மூஞ்சி கறுத்துச்சு?"

படியில் நின்றவர்

நானும் விடவில்லை. பஸ்ஸில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, அதே இரண்டு டப்பாக்களோடு இன்னொரு எட்டு வாரம் ஓட்டினேன். இந்த முறை இரண்டு கன்னமும் ஒன்றுபோலத் தெளிந்தன. செல்வியைக் கூப்பிட்டு எது எந்தக் கன்னம் என்று கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பெட்டி கிரீமின் வாசனை மட்டும் அருமை, அதை மறுக்க மாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மும்தாஜ் அக்கா வந்தார். கன்னத்தில் மங்கு கொஞ்சம் குறைந்திருந்தது, போகவில்லை. ஆனால் முகத்தில் அந்தப் பயம் இல்லை. கீழே வீட்டுக்காரர் நிற்கிறார் என்றார். எட்டிப் பார்த்தேன். பெண்கள் பார்லருக்குள் வரக் கூச்சப்பட்டுப் படியிலேயே நின்றிருந்தார். இடது கன்னம் கன்னங்கரேலென்று இருந்தது, வலது கன்னம் தெளிவாக இருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணே, அங்க வண்டி ஓட்டுதீயளா?" என்றேன். அவர் திகைத்துப் போய், "ஆமாம்மா, ஒனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார். அந்த ஊரில் டிரைவர் சீட்டு இடது பக்கம், ஜன்னலும் இடது பக்கம் அல்லவா?

அவரும் மூன்று வருடமாக போனில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கிக்கொண்டுதான் பேசியிருக்கிறார். பெண்சாதி பார்த்தால் என்ன நினைப்பாளோ என்று அவருக்கும் விமானம் ஏறும்வரை பயமாம். அக்கா அதைச் சொல்லும்போது சிரிப்போடு கண்ணும் கலங்கியது. எனக்கும் கலங்கியது.

"வீட்டு நடையில வச்சு ஒருத்தரை ஒருத்தர் பாத்தோம் புள்ள. அவுக ஒரு கன்னம் கறுப்பு, எனக்கு ரெண்டும் கறுப்பு. போன்ல இருந்த ஆளு ரெண்டும் போயித் தொலையட்டும்னு சிரிச்சிட்டோம்."

ஆகவே சகோதரிகளே, அந்தப் பெட்டியை வாங்கலாமா என்று என்னைக் கேட்டால், முதலில் நீங்கள் பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காருகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.